அப்பாவின் நாற்காலிக் கட்டையில் அம்மாவுக்கு ஒரு மோதிரம்: இரண்டு உடைந்துவிட்டது, உதவி வேண்டும்

புதுக்கை
வணக்கம். மரவேலையில் நான் கத்துக்குட்டி. ஒரு ஸ்டூலும் இரண்டு அலமாரியும் செய்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அப்பா உட்காரும் நாற்காலி ஒன்று வீட்டில் இருந்தது. அவர் போன பிறகு அதன் கால்களில் பூச்சி ஏறி, இனி உட்கார முடியாது என்றாகிவிட்டது. இரண்டு கைப்பிடிகளை மட்டும் கழற்றி வைத்திருந்தேன். அதிலிருந்து அம்மாவுக்கு ஒரு மோதிரம் செய்து அவர் பிறந்தநாளுக்குக் கொடுக்க வேண்டும். 2 மாதம் இருக்கிறது.

ஒரு கைப்பிடியிலிருந்து 6 மி.மீ. தடிமனுக்குப் பலகை மாதிரி அறுத்தேன். துளை போட்டேன், வெளிவட்டத்தை அறுத்தேன், அரத்தால் ராவினேன், உப்புத்தாள் போட்டேன். மூன்று மணி நேர வேலை. 400 நம்பர் தாள் போட்டுக்கொண்டிருக்கும்போது ‘டிக்’ என்று சின்னச் சத்தம், கையில் இரண்டு பிறைத் துண்டுகள். மறுநாள் இன்னும் கவனமாக இன்னொன்று செய்தேன். அது விரலில் போட்டுப் பார்க்கும்போதே போனது. இரண்டும் எதிரெதிராக இரண்டு இடத்தில்தான் உடைந்திருக்கிறது.

ஒரு கைப்பிடி முழுக்க வீணாகிவிட்டது. மிச்சம் ஒன்றுதான், 35 செ.மீ. நீளம் தேறும். இனி தெரியாமல் அதைத் தொட மனசு வரவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

உளிமுனை
தம்பி, கை வேலையில் தப்பில்லை. நார் போகிற திசையை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டீர்கள்.

உடைந்த துண்டை எடுத்து ரேகையைப் பாருங்கள். மோதிரத்தைக் கடிகார முகமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பலகையில் நார் இடமிருந்து வலமாக, 9 மணியிலிருந்து 3 மணிக்கு ஓடுகிறது. 12 மணியிலும் 6 மணியிலும் மோதிரத்தின் சுவர் நாரோடு சேர்ந்து போகிறது, அங்கே பலம். 3 மணியிலும் 9 மணியிலும் சுவர் நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அந்த இடத்தில் ஒவ்வொரு நாரும் சுவரின் தடிமன் அளவுதான், 2 மி.மீ. துண்டு. துண்டு துண்டான நார்கள் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான். விறகு பிளக்கும்போது கோடாரி எந்த வழியில் சுலபமாக இறங்குமோ, அதே வழியில் உங்கள் மோதிரமும் பிளந்திருக்கிறது. 3, 9 இரண்டு இடம், இரண்டு பிறை. சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

புதுக்கை
ஐயா, அப்படியேதான் இருக்கிறது. நார் குறுக்காகப் போகிற இடத்தில்தான் இரண்டும் விட்டிருக்கிறது. அப்படியென்றால் கட்டையின் வெட்டுமுகத்தில், வளையங்கள் தெரிகிற பக்கம் துளை போட்டால்? அங்கே எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்குமே.

உளிமுனை
ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பலவீனமாக. அப்போது நார்கள் எல்லாம் விரல் நீளும் திசையில் நிற்கும், வளையத்தைச் சுற்றி ஒரு நார்கூட ஓடாது. கீழே விழுந்தால் எங்கே வேண்டுமானாலும் பிளக்கும். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

ஞாயிறுபட்டறை
நான் வேறு மாதிரி செய்கிறேன். 3 மி.மீ. பலகை இரண்டை ரேகை ஒன்றுக்கொன்று குறுக்கே வருகிற மாதிரி ஒட்டி, காய்ந்ததும் துளை போட்டு அறுப்பேன். ஒன்றின் பலவீனமான இடத்தில் மற்றதின் பலமான இடம் வந்து உட்காரும். ப்ளைவுட்டின் தத்துவமே அதுதான். ஐந்தாறு மோதிரம் இப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன், ஒன்றுதான் உடைந்தது. பக்கவாட்டில் பார்த்தால் ஒட்டு தெரியும், இரண்டு நிற மரம் போட்டால் அதுவே அழகு.

புதுசாகச் செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: துளையை முதலில் போடுங்கள், வெளிவட்டத்தைப் பிறகு அறுங்கள். பெரிய பலகையாக இருக்கும்போதுதான் இறுக்கிப் பிடிக்க முடியும். அடியில் ஒரு வேண்டாத கட்டையைக் கொடுத்துத் துளைத்தால் மறுபக்கம் பிசிறாது. இது எந்த முறைக்கும் பொருந்தும்.

உளிமுனை
நல்ல முறைதான், மறுக்கவில்லை. ஆனால் தம்பியிடம் இருப்பது ஒரே கட்டை. துளைத்து, அறுத்து, ராவுகிற முறையில் முக்கால்வாசி மரம் தூளாகப் போய்விடும். தவறினால் மறுபடி பலகை வேண்டும். அவருக்குச் சுற்றுமுறைதான் சரி. மெல்லிய கீற்றை நனைத்து, உருளையில் பல சுற்றாகச் சுற்றி, காயவைத்து ஒட்டுவது. நார் மோதிரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும், எந்த இடத்திலும் அறுபடாது. 2 மி.மீ. சுவர் போதும், நெரித்தால்கூட வில் மாதிரி கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

கீற்று மெல்லியதாக இருக்க வேண்டியதற்குக் கணக்கு இருக்கிறது. வளைக்கும்போது வெளிப்பக்கம் நீள வேண்டும், உள்பக்கம் ஒடுங்க வேண்டும். நனைத்துச் சூடாக்கிய மரம் நன்றாக ஒடுங்கிக் கொடுக்கும். ஆனால் நீளச் சொன்னால் 1, 2 சதவீதத்துக்கு மேல் நீளாது, கிழியும். உள்விட்டம் 19.5 மி.மீ. வளையத்தில் 2.5 மி.மீ. கெட்டியான பட்டையை வளைத்தால் வெளிப்பக்கம் 11 சதவீதம் நீளவேண்டி வரும். நடக்காது. அதே இடத்தில் 0.3 மி.மீ. கீற்று என்றால் ஒன்றரை சதவீதம். வளைந்துவிடும்.

மிஷேல் தோனெட் என்ற நாற்காலித் தச்சர் 1859-இல் 14-ஆம் எண் நாற்காலியைக் கொண்டுவந்தார், வளைத்த மர நாற்காலிகளில் உலகமெல்லாம் போனது அதுதான். தடித்த பீச் மரக் கழிகளை ஆவியில் வேகவைத்து வளைத்தார்கள். வெளிப்பக்கம் நீளாதபடி ஓர் இரும்புப் பட்டையை வைத்து இறுக்கினார்கள், ஒடுங்குகிற வேலை முழுக்க உள்பக்கத்துக்குப் போனது. நமக்கு இரும்புப் பட்டை வேண்டாம், மெல்லிசாக இருந்தால் போதும்.

புதுக்கை
கணக்குப் புரிந்தது ஐயா. ஆனால் கடையில் வெனீர், அதாவது தாள் மாதிரி மெல்லிய மரம், வாங்கினால் அது அப்பாவின் நாற்காலி ஆகாதே. இந்தக் கட்டையிலிருந்து 0.3 மி.மீ. கீற்று எப்படி எடுப்பது?

கடைசல்
இழைப்புளியில் வருகிற சீவல்தான் உங்கள் வெனீர். எல்லோரும் கூட்டித் தள்ளுகிற பொருள்.

முதலில் என்ன மரம்? புதிதாக வெட்டிய இடத்தைத் தொட்டால் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா? தோல் வாடை மாதிரி ஒரு வாசனை வருகிறதா? பொன்னிறத்தில் பழுப்புக் கோடா?

புதுக்கை
மூன்றும் உண்டு.

கடைசல்
அப்படியானால் தேக்கு, அதுவும் வைரம் பாய்ந்த பகுதி. இரண்டு தொல்லை உண்டு. தேக்குக்குள் சிலிக்கா இருக்கிறது, மணல் மாதிரி. இழைப்புளித் தகட்டின் கூர்மையைச் சீக்கிரம் தின்னும், பத்துச் சீவலுக்கு ஒருமுறை தீட்டிக்கொள்ளுங்கள். இன்னொன்று அதன் எண்ணெய். ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. முந்தின நாளே துடைத்து வைத்தால் பயனில்லை, எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

சீவல் எடுக்கும் விதம்: கட்டையில் ரேகை நேராக ஓடும் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பக்கத்தை 8 மி.மீ. அகலத்துக்கு ஒடுக்கிக்கொள்ளுங்கள், மோதிரத்தின் அகலம் 6 வரும், 2 ராவுவதற்கு. மேற்பரப்பை ஈரத்துணியால் துடைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். தகட்டைச் சற்றே அதிகம் இறக்கி, ஒரே மூச்சில் முனையிலிருந்து முனைவரை தள்ளுங்கள். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் படி விழும், சுற்றும்போது அங்கேதான் முறியும். சீவல் சுருண்டு வரும். ஈரத்தோடு இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து அழுத்தினால் ரிப்பன் மாதிரி படிந்துவிடும்.

நீளம்: 0.3 மி.மீ., 7 சுற்று என்றால் சுவர் 2.1 மி.மீ. உள்விட்டம் 19.5 வைத்தால் சராசரி விட்டம் 21.6. அதை 3.14-ஆல் பெருக்கி, 7-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 475 மி.மீ. உங்கள் கட்டை 350. ஆகவே இரண்டு சீவல். ஒன்று முடிகிற இடத்தையும் மற்றது தொடங்குகிற இடத்தையும் உப்புத்தாளில் 10 மி.மீ. நீளத்துக்குச் சாய்வாகத் தேய்த்து, ஒன்றின் மேல் ஒன்று படுக்கவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாது. உள்ளே தொடங்கும் முனைக்கும் இதே சாய்வு வேண்டும். இல்லாவிட்டால் அந்த முனை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மேடாகத் தெரியும், கடைசிவரை போகாது.

வெள்ளிக்கம்பி
நான் நகை வேலை. மரம் தெரியாது, விரல் தெரியும். அம்மாவின் விரல் அளவு எடுத்தாயிற்றா? வயதானவர்களுக்கு விரல் கணு வீங்கியிருக்கும், அடிவிரல் மெலிந்திருக்கும். உலோக மோதிரமென்றால் வெட்டி, சேர்த்து, தட்டி எப்படியாவது அளவு மாற்றிவிடுவோம். மரத்தில் உள்ளே தேய்த்துக் கொஞ்சம் பெரிதாக்கலாம், சிறிதாக்க வழியே இல்லை.

புதுக்கை
அக்கா, அதுதான் பெரிய கவலை. அம்மாவுக்கு மூட்டுவலி. பழைய மோதிரம் கணுவில் மாட்டிக்கொண்டு, விரல் வீங்கி, கடைசியில் வெட்டித்தான் எடுத்தார்கள். அதற்குப் பிறகு விரலில் எதுவும் போடுவதில்லை. அவர் தூங்கும்போது காகிதக் கீற்றால் சுற்றிப் பார்த்தேன். கணுவில் 60 மி.மீ., அடியில் 55.

வெள்ளிக்கம்பி
60 என்றால் விட்டம் 19.1. அடியில் 17.5. ஒன்றரை மி.மீ.க்கு மேல் வித்தியாசம். கணு தாண்டுகிற அளவுக்குச் செய்தால் அடியில் சுற்றிச் சுற்றி வரும், பிடிமானம் இருக்காது. இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. மோதிரத்தின் உள்பக்கம், உள்ளங்கைப் பக்கமாக, கடிகாரத்தில் 4 மணி, 8 மணி இடத்தில் இரண்டு சிறு மணிகள் வைப்போம். கணுவைத் தாண்டும்போது தசை ஒதுங்கி வழிவிடும், உள்ளே போனதும் மணிகள் பிடித்துக்கொள்ளும். உங்கள் மோதிரத்தில் கெட்டியான பசையை இரண்டு சொட்டு வைத்து, நன்றாக இறுகவிட்டு, கூர் இல்லாமல் தேய்த்து அதே வேலையைச் செய்யலாம். மணிக்கு இடம் வேண்டும் என்பதால் உள்விட்டத்தை 19.5 ஆக்குங்கள்.

தூங்கும்போது எடுத்த அளவை மட்டும் நம்பாதீர்கள். காலையில் வேறு, மாலையில் வேறு. குளிரில் விரல் சிறுக்கும், வெயிலில் பெருக்கும். இரண்டு மூன்று நாள், வெவ்வேறு வேளையில் எடுங்கள். 6 மி.மீ. அகல மோதிரம் மெல்லிய கம்பி மோதிரத்தைவிட இறுக்கமாகத் தெரியும், அதையும் மனதில் வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விரல் வீங்கினால் மர மோதிரத்தை இடுக்கியால் நெரித்தே உடைத்து எடுத்துவிடலாம். ஒருமுறை மோதிரத்தை வெட்டியெடுத்தவருக்கு அதைச் சொல்லிக் கொடுங்கள், பயம் போகும்.

மரத்தூள்
பசை பற்றி யாராவது கேட்பதற்கு முன் எனக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன். சுற்றுகளுக்கு நடுவே ஊறிப் போக மெல்லிய சயனோஅக்ரிலேட், அதாவது சூப்பர் க்ளூதான் வசதி. நானும் அதைத்தான் பயன்படுத்தினேன். வழிந்ததைத் துடைக்கப் பழைய பனியன் துணியை எடுத்தேன். இரண்டு நொடியில் துணி புகைய ஆரம்பித்தது, கட்டைவிரலில் கொப்புளம். அந்தப் பசை பருத்தியில் பட்டால் ஒரேயடியாக இறுகி, அப்படியொரு சூட்டைக் கிளப்பும். பருத்திக் கையுறையும் வேண்டாம், கம்பளியும் வேண்டாம். நைட்ரைல் கையுறை, பிளாஸ்டிக் துண்டு. ஜன்னலைத் திறந்து வையுங்கள், அதன் புகை கண்ணைக் குத்தும்.

உருளையின் மேல் பார்சல் ஒட்டும் டேப் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள். பசை அதில் பிடிக்காது, மோதிரம் கழன்று வரும். முதல் மோதிரத்தில் நான் இதைச் செய்யாமல் உருளையோடு ஒட்டி, அறுத்துத்தான் எடுத்தேன்.

ஞாயிறுபட்டறை
மேற்பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் போடுங்கள். பசையால் பூசினால் பிளாஸ்டிக் பளபளப்பு வந்துவிடும். மரம் மரமாகத் தெரியட்டும்.

கடைசல்
அலமாரிக்கு எண்ணெய் சரி. விரலில் கிடக்கிற பொருள் நாளுக்குப் பத்துமுறை தண்ணீர் பார்க்கும், சோப்பு பார்க்கும். எண்ணெய்ப் பூச்சு ஒரு மாதத்தில் வெளுத்துவிடும், ஈரம் சுற்றுகளுக்குள் இறங்கும். அரக்குப் பாலிஷ் என்றால் சானிடைசர் பட்ட அன்றே பிசுபிசுக்கும், அரக்கு ஸ்பிரிட்டில் கரைகிற பொருள் இல்லையா? மெல்லிய பசையை ஏழெட்டு முறை பூசி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் 600 தாளில் தேய்ப்பதுதான் தாங்கும்.

ஞாயிறுபட்டறை
தாங்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பார்வைக்கு எனக்குப் பிடிப்பதில்லை. எண்ணெய் வெளுத்தால் பிள்ளை மாதாமாதம் போய்ப் பூசிக் கொடுக்கட்டுமே, அம்மாவைப் பார்க்க ஒரு காரணம் ஆச்சு. எண்ணெய் போடுவதானால் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள்.

கடைசல்
பளபளப்பு வேண்டாமென்றால் கடைசியில் 1000 தாளால் ஒரு தேய் தேய்த்தால் மங்கலாகிவிடும். பசைப் பூச்சு என்றே தெரியாது.

புதுக்கை
மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பழைய பைன் பலகையில் பழகினேன். நான்கு செய்தேன். ஒன்று மேடு விழுந்தது, சாய்வு போதவில்லை. ஒன்று சுற்றும்போதே முறிந்தது, நிறுத்தித் தள்ளிய இடத்தில்தான், கடைசல் அண்ணா சொன்ன மாதிரியே. மூன்றாவது நன்றாக வந்தது. நான்காவதைத் தரையில் ஓங்கி எறிந்தேன், துள்ளிவிட்டு அப்படியே கிடந்தது. அப்புறம்தான் தேக்கைத் தொடும் தைரியம் வந்தது.

கைப்பிடியை எடுத்தபோது ஒன்று கவனித்தேன். மேல்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு வார்னிஷ் போய், மரம் கறுத்து, வழவழப்பாக இருக்கிறது. அப்பாவின் உள்ளங்கை பட்ட இடம். செய்தித்தாள் படிக்கும்போது ஆள்காட்டி விரலால் முனையில் தட்டிக்கொண்டே இருப்பார், அங்கே லேசாகக் குழிந்திருக்கிறது. முதல் சீவல் அந்தப் பரப்பிலிருந்துதான் வரும். அதை மோதிரத்தின் வெளிச்சுற்றாக வைக்க ஆசை. ஆனால் அசிட்டோன் போட்டுத் துடைத்தால் அது போய்விடுமா? இரண்டு நாளாகக் கட்டையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

உளிமுனை
தம்பி, தைரியமாகச் செய்யுங்கள். மேலே இருக்கும் எண்ணெயும் அழுக்கும்தான் அசிட்டோனில் போகும். அத்தனை வருடம் வெளிச்சமும் வியர்வையும் பட்டு மரத்துக்குள் இறங்கிய கறுப்பு துடைத்தால் போகாது. சீவலின் அடிப்பக்கம் மட்டும் பசை பிடித்தால் போதும், ஆகவே அடிப்பக்கத்தை நன்றாகத் துடையுங்கள், மேல்பக்கத்தை லேசாக. முக்கியமாக, வெளிச்சுற்று ஒட்டிய பிறகு மேலே உப்புத்தாள் போடாதீர்கள். அந்தக் கறுப்பு ஒரு மயிரிழைதான் இருக்கும், நாலு தேய்ப்பில் போய்விடும். ஓரங்களை மட்டும் உருட்டுங்கள். குழிந்த இடத்தில் தகடு படாமல் சீவல் கிழியும், முனையில் இரண்டு செ.மீ. விட்டுத் தொடங்குங்கள்.

நிழல்மரம்
இடையில் ஒரு கேள்வி. இதைப் படித்துவிட்டு நானும் செய்ய நினைக்கிறேன். எந்த மரத்தில் வேண்டுமானாலும் செய்யலாமா? ஈட்டித் துண்டு ஒன்று கிடைத்திருக்கிறது.

கடைசல்
ஈட்டி பார்க்க அழகு. சிலருக்கு அதன் தூளும் எண்ணெயும் தோலில் தடிப்பைக் கொண்டுவரும், அணிகிறவருக்குச் சேருமா என்று ஒரு துண்டைக் கையில் வைத்துப் பாருங்கள், உள்பக்கம் பூச்சு கட்டாயம். ஈட்டி இனம் முழுவதும் 2017-இலிருந்து சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, பழைய சாமான்களில் கிடைக்கும் துண்டுதான் நல்லது. தில்லை, அரளி, சேங்கொட்டை மூன்றையும் தொடவே தொடாதீர்கள். கருங்காலி சுற்றுமுறைக்கு வளையாது, நொறுங்கும். எதுவானாலும் இழைக்கும்போது முகமூடி போடுங்கள்.

புதுக்கை
செய்துவிட்டேன்.

கறுத்த சீவல் முழுசாக வந்தது, 31 செ.மீ. உள்சுற்றுக்கு அதன் அடியிலிருந்து வந்த பொன்னிறச் சீவல். வெந்நீரில் போட்டு இருபது நிமிடம், பிறகு உருளையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு ஒரு நாள் முழுக்க விட்டேன். மறுநாள் பிரித்தால் கடிகாரச் சுருள்வில் மாதிரி தானாகவே சுருண்டு நிற்கிறது. துடைத்து, ஒட்டி, மூன்று நாள் கழித்து ஓரம் உருட்டினேன். பக்கவாட்டில் பார்த்தால் உள்ளே பொன்னிறம், வெளியே போகப் போகப் பழுப்பு. நான் திட்டமிட்டதில்லை. பூச்சு ஆறு முறை, கடைசியில் மங்கல். வெள்ளிக்கம்பி அக்கா சொன்ன இரண்டு மணிகளும் வைத்தேன்.

பிறந்தநாள் காலையில் கொடுத்தேன். எந்த மரம் என்று சொல்லவில்லை. அம்மா போட்டுப் பார்த்தார். கணுவில் கொஞ்சம் திருகி உள்ளே போனது, நின்றது. அப்புறம் ஜன்னல் பக்கம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது அந்த நாற்காலிக் கையில்லையா?” என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “தினமும் துடைச்சவ நான்தானேடா” என்றார்.

எல்லோருக்கும் நன்றி.

உளிமுனை
சந்தோஷம் தம்பி. மிச்சக் கட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்.

புதுக்கை
நான்கு மாதம் கழித்து ஒரு சந்தேகம். அம்மா கழற்றுவதே இல்லை, பாத்திரம் கழுவும்போதுகூட. வெளிச்சுற்று முடிகிற இடத்தில் ஒரு நூலிழை அளவுக்கு ஓரம் தூக்கியிருக்கிறது. துணியில் மாட்டுகிறதாம். எப்படிச் சரிசெய்வது?

கடைசல்
ஒரு நாள் வாங்கி வையுங்கள். ஈரம் முழுக்கக் காய வேண்டும். ஊசி முனையில் மெல்லிய பசை ஒரு துளி எடுத்துத் தூக்கிய இடத்தில் தொடுங்கள், தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் துண்டை மேலே வைத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். பிறகு அந்த இடத்துக்கு மட்டும் இரண்டு பூச்சு. தேய்க்காதீர்கள், கறுப்பு போய்விடும்.

புதுக்கை
ஒரு நாள் தரமாட்டேன் என்கிறார். ராத்திரி தூங்கும்போது கேட்டு வாங்கியிருக்கிறேன், காலையில் எழுவதற்குள் காய்ந்துவிடுமா?

கடைசல்
ஈரம் வாங்க விசிறிக்கு அடியில் நாலு மணி நேரம் வையுங்கள், பிறகு ஒட்டுங்கள். அந்தத் துளிக்கு இரண்டு மணி நேரம் போதும். விடிவதற்குள் கொடுத்துவிடலாம்.